வாஷிங் மெஷினைச் சரிசெய்ய ஆள் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துக் கால் மணி நேரமாகிறது, அந்த ஒரு வரி மட்டும் வர மறுக்கிறது. நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்ன மெக்கானிக்கை தயவுசெய்து அனுப்பாதே. இரண்டாவது வேண்டுகோள்: ஏன் அனுப்பக் கூடாது என்று தம்பியிடம் கேட்காதே.

உறையைப் பார்த்ததுமே பயந்திருப்பாய். போன் செய்யலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் காய் நறுக்குவாய், அத்தான் பக்கத்து அறையிலிருந்து கருத்துச் சொல்வார், உன் மூத்தவள் அன்றைக்கே தம்பிக்கு ஒப்பித்துவிடுவாள். மெசேஜ் அனுப்பினால் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு "கை பட்டுடுச்சுடி" என்பாய். போன வருடம் என் ரத்தப் பரிசோதனை முடிவைச் சித்தப்பா பிள்ளைகள் உட்படப் பதினொரு பேர் படித்து, அதில் மூன்று பேர் மருந்தும் சொன்னார்கள். அதனால்தான் காகிதம். இதைப் படித்ததும் கிழித்துவிடு. கிழிப்பதற்கு முன் அத்தானிடம் காட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் "என்னடி சத்தம் அது, சுவரை இடிக்கிறாங்களா?" என்று கேட்டாய். "பழைய மெஷின்தானே அக்கா" என்று நான் சொன்னது பெரிய தப்பு. நீ கொடுத்த மெஷின் என்பதால் உனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அக்கா, அந்த மெஷினுக்கு ஒரு கால் இல்லை. வீடு மாற்றியபோது உடைந்தது. அந்த இடத்தில் தம்பி ஒரு நாள் அட்டையை மடித்துச் செருகிவிட்டுப் போனான். ஓடும்போது மூன்று தடவை ஒழுங்காகக் குலுங்கும், நான்காவது தடவை அட்டையிலிருந்து வழுக்கி, ஒரு கணம் யோசித்து, அப்புறம்தான் தரையில் விழும். டம், டம், டம்... டப். இதை நீ வேறு எங்கோ கேட்டிருக்கிறாய். நீ மட்டுமல்ல, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். உன் சின்னவன் பள்ளி ஆண்டு விழாவில் இதற்குத்தான் ஆடினான்.

ஆமாம். "கொஞ்சம் நகரு" பாட்டில் வரும் டிரம் சத்தம் தம்பி அடித்ததில்லை. உன் வாஷிங் மெஷின் அடித்தது.

இந்த இடத்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வீட்டில் யாருமில்லை, இருந்தாலும் சாத்தினேன். இந்த ஒரு மாதத்தில் நான் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும்போதும் அப்படித்தான். வாடிக்கையாளருக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே எனக்குள் வேறு எதையோ மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றிலும் தெளிவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இடிபாடு குழுவை உனக்குத் தெரியும், உன் நிச்சயதார்த்தத்துக்கு வாசிக்க வேண்டாம் என்று அத்தான் வீட்டார் கையெடுத்துக் கும்பிட்ட அதே குழு. பாடுவது என் வீட்டுக்காரர். பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று அலறி அலறி வந்த கரகரப்பு அது. ரசிகர்கள் அதை வாழ்க்கையின் வலி என்று நினைத்தார்கள். கிதார் வாசிப்பவரை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பேஸ் கிதார்காரர் பேசி இருபது வருடத்தில் நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இரண்டு முறையும் "தண்ணி இருக்கா?" டிரம் நம் தம்பி. பகலில் பல் செட் செய்யும் கூடத்தில் மயிரிழை பிசகாமல் பல் செதுக்குகிறவன், சாயங்காலமானால் டிரம்மை முன்பகை இருப்பதுபோல் அடிப்பான். பதினொரு நிமிடத்துக்குக் குறைந்து ஒரு பாட்டு கிடையாது. சிமெண்ட், துரு, நாகரிகத்தின் முடிவு, இவற்றைத் தவிர வேறு விஷயமும் கிடையாது. கடைசிக் கச்சேரிக்கு முப்பது பேர் வந்தார்கள். பதினேழு பேர் நம் சொந்தம், நான்கு பேர் அரங்கம் மாறி வந்தவர்கள், மிச்சம் ஒன்பது பேர்தான் உண்மையான ரசிகர்கள்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில்தான் ஓட்டெடுப்பு நடந்தது. எதற்கும் ஓட்டெடுப்பது அவர்கள் வழக்கம், டீயா காப்பியா என்பதற்குக்கூட. ஒரே ஒரு பாட்டு, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி, லேசாக, மூன்று நிமிடத்தில். மூன்று பேர் சரி என்றார்கள், தம்பி மட்டும் வேண்டாம் என்றான். எல்லோரும் போன பிறகு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று சொன்னான்: "இதோட டிரம்ம குடுத்துடலாம்னு இருக்கேன் சின்னக்கா. நாப்பத்தொண்ணு ஆச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லா அடிச்சேன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல." நான் சொல்லியிருக்கலாம். நிஜமாகவே நல்லா அடிக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் துலக்கிய தட்டையே மறுபடி துலக்கினேன்.

பாட்டை என் வீட்டுக்காரர்தான் எழுதினார். "கொஞ்சம் நகரு, நானும் உட்காரணும், போய்ச் சேர நேரமாகும்." இருபது வருடம் நாகரிகத்தை இடித்தவருக்கு இது எப்படி வந்தது என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். சோபா முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருப்பவரிடம் நான் தினமும் சொல்வது அது. சரி, மெட்டு மறந்துபோகாமல் இருக்க போனில் ஒரு ஒத்திகைப் பதிவு செய்தார். எங்கள் வீட்டில் எதிரொலி வருகிற ஒரே இடம் குளியலறை வாசலில் மெஷின் இருக்கிற மூலை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, போனை அதன் மேலேயே வைத்துவிட்டு, அது குலுங்குகிற கதிக்கே பாடினார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்கும்போது நான் ஏதாவது மெட்டை முனகுவேனாம். சின்ன வயதில் நீ "பரீட்சைக்குப் படிக்க விடேன்டி!" என்று என்மேல் ஜாமெட்ரி பாக்ஸை எறிந்தாயே, அதே முனகல். அதே பாக்ஸைத் தம்பி எடுத்து வைத்துக்கொண்டு அதில் தாளம் போட்டான். நீயும் மூன்று வருடம் காம்பஸ் இல்லாமல் கணக்குப் போட்டாய்.

பிறகு ஒலிப்பதிவுக் கூடம் எடுத்து நான்கு நாள் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள். தம்பி உள்ளங்கை இரண்டும் கொப்புளமாக அடித்தான். இப்போது கேள். கம்பி ஒவ்வொரு பதிவுக்கும் "கடைசி" என்றுதான் பெயர் வைப்பார். அடுத்தது "இதுதான் கடைசி", அதற்கடுத்தது "கடைசிக்கும் கடைசி". என் வீட்டுக்காரர் அந்த ஒத்திகைப் பதிவுக்கு வைத்திருந்த பெயர் "சத்தியமா கடைசி", ஏனென்றால் அன்றைக்கு அதற்கு மேல் பாடத் தொண்டை இல்லை. மிக்ஸிங் செய்கிறவருக்குக் கம்பி அதை அனுப்பிவிட்டார். கேட்டால் "சத்தியம்னு போட்டிருந்துச்சு, அப்ப அதானே உண்மையான கடைசி?" என்கிறார். மிக்ஸிங்காரர் அதைக் கேட்டு உருகி, கிதார்களை மட்டும் மேலே சேர்த்து, மெஷின் சத்தத்தைத் தூக்கி நிறுத்தி, என் முனகலையும் அப்படியே வைத்து வெளியே விட்டுவிட்டார்.

வெளிவந்த அன்று ஐந்து பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். முதல் டம்மிலேயே அது நம் மெஷின் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு முறை போடச் சொன்னான். "அத்தான், டிரம் வேற மாதிரி இருக்கே?" என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லும்போது காது சிவக்கும். சிவந்த காதோடு "மெருகேத்தியிருக்காரு மச்சான்" என்றார். "நடுவுல ஒரு பொம்பள குரல்?" "அதுவும் மெருகுதான்." தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேஸ்காரர் "தண்ணி இருக்கா?" என்றார், அது மூன்றாவது முறை. தம்பி போன பிறகு ஓட்டெடுத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று மூன்று கைகள் எழுந்தன. எனக்கு அந்தக் குழுவில் ஓட்டு இல்லை, ஆனாலும் என் கையும் பாதி எழுந்தது.

முதல் வாரம் அந்த ஒன்பது பேரின் வாரம். ஒருத்தர் குழுவின் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினார். இன்னொருத்தர் வாசலில் வந்து நின்று "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலண்ணே" என்று கண் கலங்கினார். திரும்பித் தெருமுனை வரை போகும்போது அந்த மெட்டைத்தான் முனகிக்கொண்டு போனார், நான் மாடியிலிருந்து பார்த்தேன். இரண்டாவது வாரம் அது மருத்துவமனை லிஃப்டில் ஒலித்தது, பிறகு உடற்பயிற்சி வகுப்பில், பிறகு எங்கள் கடையில். தாடையைக் கண் பரிசோதனைக் கருவியில் வைத்துக்கொண்டே ஒரு பெரியவர் என் முனகலை எனக்கே முனகிக் காட்டி, "இந்தக் குரல் யாருதும்மா? பேரே போடல" என்று கேட்டார். "தலைய ஆட்டாதீங்க சார், பவர் தப்பா வரும்" என்றேன். அவருக்குப் பவர் தப்பாகத்தான் வந்தது, தப்பாக எழுதியது நான்தான்.

அதற்குப் பிறகு அந்த விமர்சனம் வந்தது. செய்தித்தாளில் பாதிப் பக்கம். நீயும் படித்திருப்பாய், எனக்கு முதல் பத்தி மனப்பாடம். "இருபது வருடம் ஆணி அடித்த கைகள் இப்போதுதான் கதவைத் தட்டக் கற்றிருக்கின்றன. ஒவ்வொரு நான்காவது அடிக்கும் முன்னால் வருகிற அந்தத் தயக்கம், வாழ்ந்து பார்த்த ஒரு மனிதனால் மட்டுமே முடிகிற தயக்கம்." அட்டை வழுக்குகிறது அக்கா. அவ்வளவுதான். அதற்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி அதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஏதோ ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். சட்டை இப்போதெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை. கூடத்தில் பல் செதுக்கிக்கொண்டே சிரிக்கிறானாம், அவன் முதலாளி என்னிடம் சொன்னார். நடுவில் மிக்ஸிங்காரர் போன் செய்து, வேறு பதிவு ஏதாவது இருந்தால் மாற்றிப் போடலாமே என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. தம்பியே போனை வாங்கி, "ஒரு அடிகூட மாத்தக் கூடாது. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான். புகழ் யாரையும் விடாது போலிருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. நாற்பத்தொரு வயதில் முதல் முறையாக ஒருவன் பாராட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அந்தத் தட்டு அவனுடையது இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

வருகிற சனிக்கிழமை நகர அரங்கில் கச்சேரி. எண்ணூறு பேர். நீங்களும் குடும்பத்தோடு வருகிறீர்கள். மேடையில் தம்பி அதை அடித்துக் காட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு, தலையணைமேல் குச்சியால் அடித்துப் பழகுகிறான். மெதுவாக அடிக்க அவன் கைக்குத் தெரியவில்லை. "உங்க வீட்டுல இருக்கறப்பதான் சின்னக்கா அது கைக்கு வருது" என்கிறான். வராமல் என்ன செய்யும், பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே! நான் தினமும் அவன் வருவதற்குள் மெஷினைப் போட்டுவிடுகிறேன். அழுக்குத் துணி முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டது. துவைத்ததையே துவைக்கிறேன். திரைச்சீலை, தலையணை உறை, மழை அங்கி. என் வீட்டுக்காரரின் கறுப்புச் சட்டைகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. "உங்க வீட்டுல எத்தன பேரும்மா இருக்கீங்க?" என்று கீழ்வீட்டம்மா கேட்டுவிட்டார். இந்த நிலையில் உன் மெக்கானிக் வந்து புதுக் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். மெஷின் ஊமையாகிவிடும். தம்பி குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான். நான்காவது அடி வராது. அப்போது அவனுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் டிரம்மைக் கொடுத்துவிடுவான், அதோடு அந்த இஸ்திரிச் சட்டையும் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், உன்னிடம் இல்லாவிட்டால் யாரிடம். இதெல்லாம் தம்பிக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கடையில் அந்தப் பாட்டு வரும்போது, என் குரல் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால், கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். பதினாறு விநாடி. யாருக்கும் தெரியாது, யாரும் ஜாமெட்ரி பாக்ஸ் எறிவதில்லை. உண்மை வெளியே வந்தால் அந்தப் பதினாறு விநாடியும் போய்விடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. எந்தப் பயம் பெரியது என்று லென்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்று, அந்தப் பாட்டு வந்ததிலிருந்து துணி மடிக்கும்போது எனக்கு முனகல் வருவதில்லை. கவனித்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது.

ஆகவே அக்கா, மெக்கானிக் வேண்டாம். சனிக்கிழமை கழித்து நீ பத்துப் பேரை அனுப்பு, நானே வாசலில் நின்று வரவேற்கிறேன். தம்பியிடம் மூச்சு விடாதே. மேடையில் அவன் எப்படி அடித்தாலும், கூரையே விழுந்தாலும், "நல்லா அடிச்சடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ சொன்னால் அவன் நம்புவான், நீ யாரையும் சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். மூத்தவளுக்கு அன்பு, ஸ்பீக்கர் போனுக்குப் பக்கத்தில் அவளை விடாதே. சின்னவனுக்கு முத்தம், அவன் ஆட்டம் பிரமாதம் என்று சொல். உங்கள் எல்லோர் வீட்டு மெஷின்களும் நான்கு காலோடு நீடூழி ஓட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு,

என்றும் உன்மேல் அன்பும் கொஞ்சம் பயமும் மாறாத
தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் வீண். உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்தது. உன் மெக்கானிக். வெள்ளிக்கிழமை அவருக்கு வேறு வேலை இருக்கிறதாம், அதனால் இன்றைக்கே வந்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "உங்க அக்கா கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்று உள்ளே போய் ஐந்தே நிமிடத்தில் புதுக் கால் மாட்டி, ஓட்டியும் காட்டினார். அக்கா, அது பூனை மாதிரி ஓடுகிறது. நான் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான்.

வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டான். மெக்கானிக் போகும்வரை காத்திருந்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, புதுக் காலைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த அட்டையை எடுத்து மடித்தான். "நாலா மடிக்கணும் சின்னக்கா. மூணா மடிச்சா முன்னாடியே விழுந்துடும், அந்தத் தயக்கம் வராது."

நானும் தரையில் உட்கார்ந்தேன். "எப்பலேருந்துடா தெரியும்?"

"முதல் நாளே. இருபது வருஷமா அடிக்கிறேன், என் கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா சரியான ஃபைல தேடிப் போடுவீங்க. அதுல நீ இல்லையே."

சட்டைப் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் கொடுத்தான். சிவப்புக் கோடு டிரம்மைப் பற்றிய வரியின் கீழே இல்லை. நான் படிக்கத் துணியாத கடைசிப் பத்தியில் இருந்தது: "நடுவில் பெயரில்லாத ஒரு பெண் முனகுகிறாள். பாட்டு அவளுடையது, மற்றவர்கள் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்."

தலையணைமேல் இத்தனை நாள் அவன் பழகியது மெஷினைப் போல அடிப்பதற்காக இல்லையாம். அவன் வழக்கம்போல் அடித்தால் மேடையில் பக்கத்தில் நிற்கிறவர் குரல் கேட்காதாம், அதற்காகக் கையை அடக்கிப் பழகினானாம். சனிக்கிழமை பக்கத்தில் யார் நிற்கப்போகிறார் என்று கேட்டேன். முக்காலியில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். மெஷினைப் போட்டான். மடிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் சாம்பல் நிறச் சட்டை ஒன்றை எடுத்து மடித்தேன். அக்கா, முனகல் வந்தது.

நீ சனிக்கிழமை முன்வரிசையில் உட்காரு. ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு வராதே. தம்பியிடம் எதையும் சொல்லாதே என்று மேலே பல இடங்களில் எழுதியிருக்கிறேன், அவற்றை அடிக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதே அவன்தான். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கப்போகிறேன்.